பெனிசிலின்: பூஞ்சையிலிருந்து ஊசி மருந்து வரை – கேள்வி பதில்

கல்லூரி ஆய்வகத்தில் பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்துவிட்டு, அதன்மேல் பென்சிலியம் பூஞ்சையை வைத்தோம். பூஞ்சையைச் சுற்றிப் பாக்டீரியா இல்லாத தெளிந்த வளையமே வரவில்லை. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்குக்கு மட்டும் எப்படி வந்தது சார்?

வரிசை மாறிவிட்டது. பாக்டீரியா வளரும்போது கட்டுகிற செல்சுவரைத்தான் பெனிசிலின் கெடுக்கும். வளர்ந்து முடிந்த படலத்தில் அதற்கு வேலை இல்லை. ஆகவே பூஞ்சை முந்திக்கொள்ள வேண்டும். 1928 கோடையில் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அதுதான் நடந்திருக்க வேண்டும் என்று பாக்டீரியா ஆய்வாளர் ரொனால்ட் ஹேர் பின்னாளில் விளக்கினார். ஃபிளெமிங் விடுமுறையில் போனபோது தட்டு இன்குபேட்டருக்குள் போகாமல் மேசைமேலேயே கிடந்தது. முதலில் சில நாள் குளிர், பூஞ்சை வளர்ந்தது. பிறகு வெயில் ஏற, தட்டில் இருந்த ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா எழுந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: அகார் தட்டின் ஓரத்தில் பூஞ்சையை வைத்து 20–25 டிகிரியில் ஐந்து நாள் விடுங்கள். பிறகு அதன் விளிம்பிலிருந்து வெளிநோக்கி பாக்டீரியாவைக் கோடாக இழுத்து, ஓரிரவு இன்குபேட்டரில் வையுங்கள். மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் போதும், நோய்க்கிருமி வேண்டாம். ஈ.கோலையை வைத்தால் பலன் தெரியாது. பென்சிலியம் இனம் எல்லாமே பெனிசிலின் சுரப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

அவர் ஏன் அதை மருந்தாக்கவில்லை?

பிரிக்க முடியவில்லை. 1932-இல் வேதியியலாளர் ரைஸ்ட்ரிக்கின் குழு ஓரடி முன்னே போனது. அமிலமாக்கினால் பெனிசிலின் ஈதர் என்ற கரைப்பானுக்குள் போகிறது என்று கண்டார்கள். ஈதரை ஆவியாக்கியதும் வீரியம் போய்விட்டது.

ஹீட்லி அதை எப்படித் தீர்த்தார்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பெனிசிலின் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின் குழுவில் இருந்தவர் நார்மன் ஹீட்லி. ஈதரை ஆவியாக்கவே வேண்டாம், திரும்ப நீருக்கே இழுத்துவிடலாம் என்றார் அவர்.

பூஞ்சை வளர்ந்த திரவத்தை வடிகட்டிக் குளிரவைப்பார்கள். அமிலம் சேர்த்து பிஎச் 2 அளவுக்கு இறக்கியதும் பெனிசிலின் மின்னூட்டம் இழந்து கரைப்பானுக்குத் தாவும். முதலில் ஈதர், பின்பு அமைல் அசிடேட். அந்தக் கரைப்பானை லேசான கார நீரோடு கலக்கினால், உப்பாக மாறி நீருக்குத் திரும்பும். அதை உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தினால் பொடி.

தவறுகிற இடங்கள் இரண்டு. அமில நிலையில் அறை வெப்பத்தில் பெனிசிலின் நிமிடக்கணக்கில் சிதையும், அதனால் குளிரும் வேகமும் கட்டாயம். கடைசி நீரில் காரம் கூடினாலும் பெனிசிலின் மூலக்கூறின் வேலை செய்யும் பகுதியான பீட்டா-லாக்டம் வளையம் உடைந்துவிடும்.

அத்தனை பாடுபட்டும் ஆக்ஸ்ஃபோர்டில் அதைப் பெற்ற போலீஸ்காரர் ஆல்பர்ட் அலெக்சாண்டரைக் காப்பாற்ற முடியவில்லையே?

கணக்கைப் பாருங்கள். ஓர் ஆக்ஸ்ஃபோர்டு அலகு என்பது 0.6 மைக்ரோகிராம் தூய பெனிசிலின். மில்லிலிட்டருக்கு 2 அலகு என்று வைத்தாலும் ஒரு லிட்டரில் 1.2 மில்லிகிராம்தான், பிரிக்கும்போது சேதாரம் வேறு. மருத்துவமனைப் படுக்கைத்தட்டுகளைப் பார்த்து வடிவமைத்த பீங்கான் கலங்களில் வளர்த்துச் சேர்த்தது அது. 1941 பிப்ரவரி 12 அன்று அலெக்சாண்டருக்கு ஊசி தொடங்கியது, தேறினார். ஆனால் சிறுநீரகம் இந்த மருந்தை அரை மணி நேரத்தில் பாதியாக்கிவிடும். சிறுநீரிலிருந்து மீட்டுத் திரும்பக் கொடுத்தும் கையிருப்பு தீர்ந்தது. மார்ச் 15-இல் இறந்தார். மருந்து தோற்கவில்லை, அளவுதான் போதவில்லை. அதனால்தான் குழு அதன்பின் பெரும்பாலும் சிறுவர்களைத் தேர்ந்தது: உடல் சிறியது, குறைந்த மருந்தே போதும்.

முலாம்பழம்தான் உற்பத்தியைக் கூட்டியதா?

அது ஒரு பங்கு. அமெரிக்காவின் பியோரியா ஆய்வகத்தில் முதலில் விளைச்சலைத் தூக்கியது, மக்காச்சோள மாவு ஆலையில் சோளம் ஊறிய கழிவுநீர். ஆண்ட்ரூ மோயர் அதோடு லாக்டோஸ் சேர்த்தார். குளுக்கோஸை பூஞ்சை வேகமாகத் தின்று உடம்பை வளர்க்கும். லாக்டோஸை அது மெதுவாகவே செரிப்பதால் பெனிசிலின் சுரப்பு நீடிக்கும். 1943-இல் முலாம்பழத்தில் கிடைத்த பென்சிலியம் கிரைசோஜீனம், திரவத்துக்குள் மூழ்கியும் நன்றாகச் சுரந்தது. எக்ஸ்-கதிர், புற ஊதாக் கதிர் பாய்ச்சி அதிலிருந்து இன்னும் வளமான வகைகளை எடுத்தார்கள்.

1944 மார்ச்சில் புரூக்ளினில் ஃபைசர் ஆலை 7,500 காலன் தொட்டிகள் 14-ஐ ஓட்டத் தொடங்கியது. கிருமி நீக்கிய காற்றை இடைவிடாமல் ஊத வேண்டும், கலக்க வேண்டும், பொங்கும் நுரையை அடக்க வேண்டும். வேற்றுப் பாக்டீரியா புகுந்தால், அது பெனிசிலினைச் சிதைக்கும் பெனிசிலினேஸ் நொதியைச் சுரக்கும் வகையாக இருந்தால், தொட்டி முழுதும் வீண்.

இன்னொரு பாக்டீரியாக்கொல்லி மருந்தான டெட்ராசைக்ளினைக் கண்டுபிடித்தவர் சென்னையில் படித்த சுப்பாராவ் என்கிறார்களே?

மண்ணிலிருந்து ஆரியோமைசினைக் கண்டவர் பெஞ்சமின் டகர், அறிவித்தது 1948-இல். டெட்ராசைக்ளின் குடும்பத்தில் அதுவே முதல் மருந்து. அவர் வேலை செய்த அமெரிக்க மருந்து நிறுவனமான லெடர்லேயின் ஆய்வுப் பிரிவை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இருவர் பங்கையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

பெனிசிலினுக்குப் பாக்டீரியாவின் எதிர்ப்புத்திறன் எப்போது தெரியவந்தது?

மேலே சொன்ன பெனிசிலினேஸை ஆபிரகாமும் செயினும் 1940-லேயே அறிவித்தார்கள், அலெக்சாண்டருக்கு ஊசி போடும் முன்பே. அந்த நொதிக்கு ஆய்வகத்தில் நல்ல பயனும் உண்டு: பெனிசிலின் பொடியில் கிருமி இருக்கிறதா என்று சோதிக்கும்போது அதைச் சேர்த்து மருந்தை முதலில் செயலிழக்கச் செய்வார்கள். சேர்க்காவிட்டால் உள்ளே இருக்கும் கிருமியை மருந்தே அடக்கிவைக்கும், பொடி சுத்தம் என்று தவறான முடிவு வரும்.