கூப்பிட்டால் வராத சிப்பிப்பாறை: சங்கிலியை எப்போது அவிழ்க்கலாம்?

கேள்வி: எங்களிடம் எட்டு மாதச் சிப்பிப்பாறை பெண் நாய் இருக்கிறது, பெயர் ராணி. வீட்டுக்குள் பெயரைச் சொன்னாலே ஓடி வருகிறாள். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரிய தரிசு நிலம். போன வாரம் அங்கே சங்கிலியை அவிழ்த்துவிட்டேன். தூரத்தில் ஆடுகளைப் பார்த்ததும் ஓட்டம் எடுத்துவிட்டாள். தொண்டை வற்றக் கத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துத் தானாகவே வந்தாள். ‘வந்தவுடன் நாலு போடு போட்டால்தான் புத்தி வரும்’ என்கிறார் அப்பா. இவளை அவிழ்த்துவிட்டுப் பழக்க முடியுமா, இல்லை கடைசிவரை சங்கிலிதானா?

பதில்: பழக்க முடியும். ஆனால் இப்போதே வேண்டாம், அந்தத் தரிசிலும் வேண்டாம்.

முதலில் அப்பா சொன்னதைப் பார்த்துவிடுவோம். அடி விழும்போது, அதற்கு ஒரு நொடி முன்னால் தான் என்ன செய்ததோ அதோடுதான் நாய் அந்த அடியைச் சேர்த்துப் பார்க்கும். ராணி கடைசியாகச் செய்தது ஆட்டை விரட்டியது இல்லை, உங்களிடம் வந்தது. அதற்கு அடித்தால் அடுத்த முறை பத்தடி தள்ளியே நின்றுகொண்டு உங்கள் கையைப் பார்ப்பாள், கிட்டே வரமாட்டாள். எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும், நீங்கள் எவ்வளவு கோபத்தில் இருந்தாலும், வந்த நாயைத் தட்டிக்கொடுத்துத்தான் ஆகவேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அடுத்தது, ராணி திமிரில் அப்படிச் செய்யவில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்கள். ஆள் சொல்லுக்குக் காத்து நிற்காமல், ஓடுகிற முயலைத் தானே முடிவெடுத்துத் துரத்த வேண்டும் என்றுதான் நம் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இவற்றைப் பொறுக்கி வளர்த்தார்கள். அதோடு வயதும் சேர்ந்துகொள்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை எந்த நாய்க்கும் விடலைப் பருவம். குட்டியாக இருந்தபோது காலையே சுற்றிவந்தது, இப்போது உலகம் உங்களைவிடச் சுவாரஸ்யமாகத் தெரிகிறது. இந்த மாதங்களில் அவிழ்த்துவிட்டால் அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: கூப்பிட்டாலும் போகவேண்டியதில்லை, ஓடினால் ஜாலியாக இருக்கிறது.

பயிற்சியை வீட்டுக்குள்ளிருந்து தொடங்குங்கள். ராணியின் பெயரையும் ‘வா’வையும் நாள் முழுக்க எதற்கெல்லாமோ சொல்லியிருப்பீர்கள், அவளுக்கு அது பழகிப்போன சத்தம். அதனால் கூப்பிடுவதற்கென்றே ஒரு விசில் வாங்கிக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் தரிசில் குரலைவிட விசில் தூரம் போகும். உங்கள் பயமும் கோபமும் அதில் கேட்காது. சாப்பாட்டுக்கு முன்னால், பசியோடு இருக்கும்போது, பக்கத்தில் நின்று ஒருமுறை ஊதி, உடனே வாயில் ஒரு துண்டு வேகவைத்த கோழி ஈரல். பிஸ்கட் போதாது. ஆட்டோடு போட்டி போடவேண்டிய தின்பண்டம் இது, ஈரலோ அவித்த முட்டையோ கொடுத்தால்தான் எடுபடும். சுண்டுவிரல் நகம் அளவு துண்டு போதும்.

சில நாளில் விசில் கேட்டதும் தலை வெடுக்கென்று திரும்பும். அப்புறம் அடுத்த அறையிலிருந்து ஊதுங்கள், பிறகு முற்றத்திலிருந்து, மொட்டை மாடியிலிருந்து. ஒருமுறைதான் ஊதவேண்டும். வரவில்லை என்றால் ஊதிக்கொண்டே இருக்காதீர்கள், இடம் கடினமாகிவிட்டது என்று புரிந்துகொண்டு ஒரு படி பின்னால் போங்கள். வருவாளா மாட்டாளா என்று உங்களுக்கே சந்தேகமாக இருக்கிற நேரத்தில் ஊதவே ஊதாதீர்கள்.

அவள் வந்து சேர்கிற அந்த இரண்டு நொடியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நாய் வந்ததும் மேலே குனிந்து கையை நீட்டிப் பெல்ட்டைப் பிடிக்கப் போவார்கள், அது ஒதுங்கி ஓடும். நீங்கள் பக்கவாட்டில் திரும்பிக் குத்தவைத்து உட்காருங்கள். ஈரலை உங்கள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள். அவள் வாயை வைக்கும்போது இன்னொரு கை கீழிருந்து பெல்ட்டைத் தொடட்டும், தொட்டபிறகு கொடுங்கள். கொடுத்ததும் ‘போ’ என்று விட்டுவிடுங்கள். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை திரும்ப விளையாடப் போகவிட வேண்டும். கூப்பிட்டாலே சங்கிலி, சங்கிலி என்றாலே வீடு என்று கணக்குப் போட்டுவிட்டால் எந்த நாயும் வராது.

வெளியே போகும்போது பத்து மீட்டர் நூல் கயிறு. நைலான் கயிறு ஓடுகிற வேகத்தில் உள்ளங்கையை அறுத்துவிடும். எந்தக் கயிற்றையும் விரலில் சுற்றிப் பிடிக்காதீர்கள். கயிற்றைக் கழுத்துப் பெல்ட்டில் மாட்டக்கூடாது, மார்பைச் சுற்றிவரும் ஹார்னஸில்தான் மாட்டவேண்டும். சிப்பிப்பாறை முழு ஓட்டத்தில் போய்க் கயிறு முடிகிற இடத்தில் கழுத்தோடு இழுபட்டால் மூச்சுக்குழலுக்கும் கழுத்து எலும்புக்கும் ஆபத்து. தவிர, இந்த இனத்துக்குத் தலை ஒடுங்கியது, சாதாரணப் பெல்ட்டிலிருந்து பின்பக்கமாக உருவிக்கொண்டு வந்துவிடும்.

கயிற்றோடு தரிசில் நிற்கும்போது ஆட்டைப் பார்க்காதீர்கள், ராணியைப் பாருங்கள். விரட்டுவதற்கு முன்னால் அவள் உடம்பே சொல்லிவிடும். திறந்திருந்த வாய் மூடும். காது முன்னால் வரும், கழுத்து நீளும், வால் அசைவு நிற்கும், சில நேரம் முன்னங்கால் ஒன்று மடங்கித் தொங்கும். விசில் ஊதவேண்டிய நேரம் அதுதான். கால் கிளம்பிவிட்டால் காது வேலை செய்யாது, அதற்கப்புறம் ஊதுவது வீண். ஊதியவுடன் அவளை நோக்கிப் போகாமல் எதிர்ப்பக்கம் நாலு எட்டு ஓடுங்கள். ஓடுகிற பொருளைத் துரத்தத்தானே அவளுக்குப் பிடிக்கும், அந்தப் பொருள் நீங்களாகவே இருங்கள். ஆடுகள் தூரத்தில் இருக்கும்போது தொடங்கி, வாரக்கணக்கில் தூரத்தைக் குறையுங்கள்.

பத்துக்கு ஒன்பது முறை ஒரே விசிலில் திரும்புகிறாள் என்றால் கயிற்றைக் கையிலிருந்து விட்டுத் தரையில் இழுபட விடுங்கள். அதிலும் தேறினால், சுற்றுச்சுவர் உள்ள இடத்தில் கயிற்றை அவிழ்க்கலாம். தெரிந்தவர் தோப்பு, ஆள் இல்லாத நேரத்தில் பூட்டிய மைதானம், இப்படி. திறந்த தரிசுக்கு ஒன்றரை வயதுக்கு மேல்தான், அதுவும் காலையில் மேய்ச்சல் வருவதற்கு முன்னால். என் கருத்தைக் கேட்டால், சில சிப்பிப்பாறைகளுக்கு வாழ்நாள் முழுக்க வேலியும் நீளக் கயிறும்தான் சரி. அது நாய்க்குச் செய்யும் அநியாயம் இல்லை.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்றால், கரிசல் காட்டில் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகள் நிறைய. கண்ணை இரையில் வைத்து ஓடுகிற நாய்க்குக் கிணறு தெரியாது. தெருநாய்க் கூட்டம் இருக்கிறது. வெறிநாய்த் தடுப்பூசி வருடா வருடம் போடாமல் வெளியே விடவே கூடாது. மயிலும் முயலும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன, உங்கள் நாய் அடித்தால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள். ஆட்டுக்காரருக்கு ஒரு குட்டி போனாலும் பிழைப்பில் விழுகிற அடி.

மறுபடி ஓடிவிட்டால் பின்னால் துரத்தாதீர்கள். அவிழ்த்த இடத்திலேயே ஒருவர் நிற்கட்டும், நாய்கள் பெரும்பாலும் அந்த இடத்துக்கே திரும்பி வரும். யாராவது போகத்தான் வேண்டுமென்றால் உங்கள் பழைய சட்டையை அங்கே போட்டுவிட்டுப் போங்கள். ஹார்னஸில் போன் நம்பர் பொறித்த வில்லை இன்றைக்கே மாட்டுங்கள்.

கடைசியாக ஒன்று, எட்டு மாதம் என்பதால் சொல்கிறேன். ராணிக்கு முதல் பருவம் இனி எப்போது வேண்டுமானாலும் வரலாம். பின்பக்கம் வீங்கி, ரத்தக்கசிவு தெரியும், ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும். அந்த நாட்களில் நன்றாகப் பழகிய நாய்கூட விசிலை மறந்துவிடும், ஊரில் உள்ள ஆண் நாய்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். அப்போது பத்து மீட்டர் கயிற்றில்கூடத் தூரம் விடவேண்டாம். குட்டி போடவைக்கும் எண்ணம் இல்லையென்றால் கருத்தடை அறுவைச் சிகிச்சையை எந்த வயதில் செய்யலாம் என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். பருவம் முடிந்து ஒரு வாரம் போகட்டும், அப்புறம் தரிசுக்குப் போகாமல் வீட்டு முற்றத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.