பஸ்ஸும் அம்பாசிடரும் ஒரே நீளத்தில் இருக்கலாமா?

கேள்வி: பாலக்கோட்டில் வசிக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு 8 அடிக்கு 4 அடி பலகையில் எச்ஓ (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) அளவில் பொம்மை ரயில் லேஅவுட் ஒன்று அமைத்திருக்கிறேன். ராயக்கோட்டை ஸ்டேஷனை மனதில் வைத்துச் செய்தது. ஒரு ரயில்வே கேட், ஒரு மாங்காய் மண்டி, பின்னால் மலை. சாலையில் நிறுத்த, ஒருவரிடம் ‘எச்ஓ வண்டிகள்’ என்று 20 வாங்கினேன். அம்பாசிடரை ஐசிஎஃப் ரயில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் கூரை ஜன்னல் வரை வருகிறது. பஸ்ஸோ அம்பாசிடரைவிட ஒரு விரல் அகலம்கூட அதிக நீளமில்லை. கேட்டால், ‘எல்லாம் ஒரே செட் சார், சரியாத்தான் இருக்கும்’ என்கிறார். வேண்டுமானால் இதைக் கொடுத்துவிட்டு ‘என் ஸ்கேல்’ வண்டிகள் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். வாங்கலாமா? இந்த 20-ம் வீண்தானா?

பதில்: வாங்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் கையில் இருக்கும் பணம் போகாமல் இருக்கட்டும். ‘என் ஸ்கேல்’ என்பதில் வரும் ‘என்’ ஓர் ஆங்கில எழுத்து, எச்ஓ-வைவிடச் சிறிய இன்னொரு ரயில் மாடல் அளவின் பெயர். நம்மூர் வியாபாரிகள் பலரிடம் அது ‘என்னுடைய ஸ்கேல்’ என்றே ஆகிவிட்டது. அவர் எதை வைத்திருக்கிறாரோ அதுதான் அளவு.

உங்கள் பேரப்பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து 15 செ.மீ. ஸ்கேலை எடுங்கள். அம்பாசிடரைக் கவிழ்த்து, முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை அளந்து பாருங்கள். நிஜ அம்பாசிடரில் இந்த வீல்பேஸ் 2,464 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 28 வரும். எச்ஓ என்றால் 1:87, ஆகவே உங்கள் பொம்மையிலும் 28 மி.மீ. இருக்க வேண்டும். கூரை ஜன்னலை எட்டுகிறது என்கிறீர்கள். நீங்கள் அளந்தால் 38 அல்லது 39 வரும் என்று இங்கிருந்தே சொல்வேன். அது 1:64. பஸ்ஸில் வித்தியாசம் மிக அதிகம், அதனால் அதை மட்டும் மொத்த நீளத்தை வைத்தே பார்த்துவிடலாம். நம் ஊர் அரசு பஸ் சுமார் 11 மீட்டர். எச்ஓ-வில் அது 126 மி.மீ. வர வேண்டும். உங்களுடையது 75 மி.மீ. அளவில் இருந்தால் அது கிட்டத்தட்ட 1:147. அதாவது கார் எச்ஓ-வைவிடப் பெரிது, பஸ் எச்ஓ-வைவிட மிகச் சிறிது, இரண்டும் ‘ஒரே செட்’!

வேறு வண்டி எதையாவது சரிபார்க்க வேண்டுமென்றால் நிஜ வண்டியின் ஆர்சி புத்தகத்தைப் பாருங்கள், வீல்பேஸ் அதில் மி.மீ.யில் இருக்கும். மொத்த நீளத்தை நம்பாதீர்கள். பம்பர், ஏணி, கேரியர் என்று பொம்மை செய்பவர்கள் கூட்டிக் குறைத்துவிடுவார்கள், வீல்பேஸில் அவ்வளவு எளிதாகக் கை வைக்க மாட்டார்கள்.

இது ஏன் இப்படி ஆகிறது? பொம்மைக் கம்பெனி வண்டியைப் பார்த்து அளவெடுப்பதில்லை, அட்டைப் பெட்டியைப் பார்த்து எடுக்கிறது. 1953-ல் தொடங்கிய மேட்ச்பாக்ஸ், வண்டி தீப்பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதால் வந்த பெயர். 1968-ல் வந்த ஹாட் வீல்ஸும் அப்படித்தான். எல்லாம் ஒரே அளவு அட்டையில், ஒரே விலையில் தொங்க வேண்டும். கார் 1:64-க்கு அருகில் வரும், அதே அட்டையில் லாரியையும் பஸ்ஸையும் அமுக்கி வைப்பார்கள். குழந்தை விளையாட இதில் ஒரு குறையும் இல்லை. உங்கள் கேட்டில் ரயில் போகக் காத்து நிற்கும்போதுதான் கண்ணை உறுத்தும்.

அட்டையில் ‘எச்ஓ/ஓஓ’ என்று சாய்கோடு போட்டிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அந்தச் சாய்கோட்டுக்கு ஒரு கதை உண்டு. எச்ஓ என்பது ‘ஓ’ ஸ்கேலில் பாதி: ஓர் அடிக்கு 3.5 மி.மீ. பிரிட்டிஷ் இன்ஜின்கள் ஐரோப்பிய இன்ஜின்களைவிடச் சிறியவை, அந்தக் கூட்டுக்குள் அன்றைய மோட்டார் நுழையவில்லை. அதனால் அவர்கள் கூட்டை மட்டும் அடிக்கு 4 மி.மீ. என்று பெரிதாக்கிவிட்டு, தண்டவாள இடைவெளியை எச்ஓ-வின் 16.5 மி.மீ.யிலேயே விட்டுவிட்டார்கள். அதுதான் ஓஓ, 1:76. ஆக, சாய்கோடு சொல்வது ‘ரெண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடும்’ என்பதை மட்டும்தான். காருக்குத் தண்டவாளம் எதற்கு? 1:76 கார் எச்ஓ காரைவிட 14 சதவீதம் பெரிது. லாரியில் இது தெரியாது, நிஜத்திலேயே லாரி பல அளவில் வருகிறது. காரில் பளிச்சென்று தெரியும்.

இன்னொரு வாதமும் உங்கள் காதுக்கு வரும். கொஞ்சம் படித்த வியாபாரி சொல்வது அது. ‘சார், நம்ம அகலப்பாதை 1,676 மி.மீ. உங்க தண்டவாளம் 16.5. வகுத்துப் பாருங்க, 1:102 வருது. அதனால நமக்கு 1:100 கார்தான் கரெக்ட்.’ கணக்கு சரி, முடிவு தப்பு. கட்டட வரைவாளர்கள் தங்கள் வீட்டு மாடல்களுக்கு முன்னால் வைக்கும் 1:100 கார்கள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கின்றன, அவற்றைத் தலையில் கட்டுவதற்கான வாதம் இது. எச்ஓ-வில் நம் அகலப்பாதை 19.3 மி.மீ. இருக்க வேண்டும். கடையில் கிடைப்பது 16.5, அதில் நாம் ஒரு சமரசம் செய்துகொண்டோம், அவ்வளவுதான். பெட்டி 1:87-ல்தான் இருக்கிறது, அதில் ஏறும் ஆளும் 1:87. ஐந்தரை அடி ஆள் அந்த அளவில் 19 மி.மீ. உயரம். அந்த ஆள் காரில் ஏறப்போகிறாரா, தண்டவாளத்தில் ஏறப்போகிறாரா? காரைப் பெட்டியின் கதவோடு ஒப்பிடுங்கள், 19 மி.மீ. பொம்மை மனிதரை நடுவில் நிறுத்தி ஒப்பிடுங்கள். தண்டவாளத்தோடு ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். நான் இந்த வாதத்தை நம்பிப் பல வருஷங்களுக்கு முன்பு ஒரு டஜன் கார் வாங்கி, பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு எண்ணிக் கொடுத்தவன்.

‘என் ஸ்கேல்’ என்பது 1:160, பிரிட்டனில் 1:148, ஜப்பானில் 1:150. அந்த அம்பாசிடர் உங்கள் கேட்டில் 27 மி.மீ. நீளத்தில் நிற்கும். உங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் அதைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதை நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் இரண்டரை அடிக் குறுகிய பாதை ஒன்று வந்தது, பின்னால் ஓசூர் வரை நீண்டது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் அதே அகலத்தில் ஒரு பாதை இருந்தது. இன்றைக்குக் கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் இல்லை என்று புலம்புகிறோமே, அன்றைக்கு இருந்தது! இரண்டும் சுதந்திரத்துக்கு முன்பே போய்விட்டன. உங்களைப் போன்றவர்கள் ஒரு நாள் அந்தப் பாதையைச் செய்ய ஆசைப்படுவீர்கள். இரண்டரை அடி என்பது 762 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 8.8 மி.மீ. இதற்குக் கடையில் கிடைக்கும் மிக நெருக்கமான தண்டவாளம் 9 மி.மீ., அது ‘என்’ ஸ்கேல் தண்டவாளம். நம் அகலப்பாதைக்கு எச்ஓ தண்டவாளமே பொருந்துவதில்லை, குறுகிய பாதைக்கு ‘என்’ தண்டவாளம் கச்சிதமாகப் பொருந்துகிறது, பாருங்கள் வேடிக்கையை.

வியாபாரி இங்கேதான் வலை விரிப்பார். ‘தண்டவாளம் என் ஸ்கேல் வாங்கினீங்க, வண்டியும் என் ஸ்கேல்தானே வாங்கணும்’ என்பார். வாங்கக் கூடாது. தண்டவாளம் மட்டும்தான் அங்கிருந்து கடன். இன்ஜின், பெட்டி, ஆள், மரம், மாட்டு வண்டி எல்லாம் எச்ஓ. இதற்கு எச்ஓஇ என்று தனிப் பெயரே உண்டு. ‘என்’ தண்டவாளத்தின் கட்டைகள் மட்டும் மிக நெருக்கமாக, சன்னமாக இருக்கும். அவற்றில் ஒன்று விட்டு ஒன்றை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஜல்லி மண்ணால் பாதி மூடிவிடுங்கள். அப்புறம் இன்னொன்று: அந்தப் பாதை ஓடிய காலத்தில் அம்பாசிடரே பிறக்கவில்லை. அங்கே நிறுத்த வேண்டியது மாட்டு வண்டிதான். அதை எந்தக் கம்பெனியிடமும் வாங்க வேண்டியதில்லை, மூங்கில் குச்சியில் அரை நாள் வேலை.

3டி பிரின்ட் செய்துகொள்ளலாமே என்று அடுத்து எழுதுவீர்கள். செய்யலாம். அம்பாசிடர், ஆட்டோ, டிவிஎஸ் 50 எல்லாம் நமக்கு வேறு வழியில் கிடைப்பது கஷ்டம். 1:64 அளவில் இருக்கும் டிசைன் ஃபைலை 1:87 ஆக்க 73.6 சதவீதம் என்று போடச் சொல்லுங்கள். கண்ணாடியும் கைப்பிடியும் சன்னமாகி உடையும், அவற்றை மட்டும் கொஞ்சம் தடிப்பாக்கச் சொல்லுங்கள். காசு விஷயத்தில் ஏமாறாதீர்கள். நீளம் 73.6 சதவீதம் ஆனால், திடமாக அச்சிடும் வண்டிக்குப் பிசின் (ரெசின்) 40 சதவீதம்தான் செலவாகும். நீள, அகல, உயரம் மூன்றும் குறைகிறதல்லவா? ‘அதே டிசைன், அதே ரேட்’ என்று சொல்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிநாட்டு மாடல் வாங்கலாம் என்றால் வரி. பொம்மை இறக்குமதி வரியை 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமாக்கினார்கள், 2023-ல் 70 ஆக்கினார்கள். மட்டமான பொம்மை வரக் கூடாது என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுங்கப் பட்டியலில் மூன்று வயதுக் குழந்தையின் கிலுகிலுப்பையும், அறுபது வயதுக்காரர் காலிபர் வைத்து அளந்து வாங்கும் அளவு மாதிரியும் ஒரே தலைப்புக்குள் கிடக்கின்றன. அந்த வரியைச் சாக்காக வைத்து, எப்போதோ வாங்கிப் போட்ட சரக்குக்கும் ‘டூட்டி சார்’ என்று விலை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பில் கேளுங்கள், முகம் மாறுவதைப் பாருங்கள். இத்தனைக்கும் நிஜ அசோக் லேலண்ட் லாரி உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர தூரத்தில், ஓசூரில் தயாராகிறது. அதை 1:87-ல் செய்து கடையில் தொங்கவிட ஓர் ஆள் இல்லை.

சரி, என்னதான் வாங்குவது? செலவழிக்க மனமிருந்தால் இரண்டே இரண்டு வண்டி நல்லதாக வாங்குங்கள், கேட்டுக்கு முன்னால் நிறுத்த. டாடா 1954-லிருந்து 1969 வரை டைம்லர்-பென்ஸ் கூட்டில் லாரி செய்தது. அதனால் பழைய மெர்சிடிஸ் மூக்கு லாரியை பிரெக்கினா போன்ற ஜெர்மன் நிறுவனத்தின் 1:87 மாடலாக வாங்கி, முகப்பில் பெயின்ட் அடித்து, பின்னால் ‘சவுண்ட் ஹார்ன்’ எழுதினால் நம்மூர் மாங்காய் லாரி ரெடி. வில்லிஸ் ஜீப்பும் அந்த அளவில் கிடைக்கும். அது மஹிந்திராவாக மாற அரை மணி நேரம் போதும்.

உங்கள் 20-க்கு வருவோம். ஒவ்வொன்றையும் அளந்து அடியில் பென்சிலால் விகிதத்தை எழுதுங்கள். 80-லிருந்து 95 வரை வருவது எதுவோ அது கேட்டருகே நிற்கலாம். லாரி மட்டும் 76 வரை போகலாம். 100-க்கு மேல் வருவதைத் தூக்கிப் போடாதீர்கள், அந்த பஸ் உட்பட. பின்னால் மலை இருக்கிறது என்றீர்களே, அதன் மேல் தொப்பூர் கணவாய் மாதிரி ஒரு வளைவுச் சாலை போடுங்கள். ரயிலிலிருந்து ஒரு முழம் தள்ளி, உயரத்தில் ஏறும் சிறிய பஸ் தூரத்தில் போவதுபோலவே தெரியும், மலையும் பெரிதாகத் தெரியும். அங்கே சாலையையும் ஒடுக்கிப் போட மறக்காதீர்கள். கேட்டருகே 7 மீட்டர் இருவழிச் சாலைக்கு 80 மி.மீ. வேண்டும், மலையில் 48 போதும். மலையில் ஆள் பொம்மை ஒன்றுகூட வைக்கக் கூடாது, வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

1:64 அம்பாசிடருக்குத்தான் இடமில்லை. அதை உங்கள் பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.