ஏற்காட்டில் சின்ன அறையைச் சூடான கல் வைத்தே கதகதப்பாக்க முடியுமா?

ஓரளவு முடியும். கல் சூட்டை உண்டாக்காது. வாங்கி வைத்து மெல்ல விடும், அவ்வளவுதான். 10 கிலோ கருங்கல்லை 200 டிகிரிக்குச் சூடாக்கினாலும் அதில் சேர்வது அரை யூனிட் மின்சாரத்துக்கும் குறைவு. சூட்டைச் சேமிக்கும் ஹீட்டர்களுக்குள் வைக்கும் செங்கல் செய்ய உதவும் மேக்னசைட் என்ற கனிமம் கீழே சேலத்திலேயே கிடைக்கிறது, ஆனால் கணக்கு பெரிதாக மாறாது.

விறகடுப்பு இருந்தால் லாபம். சமையல் முடிந்ததும் தணலோரம் கல்லை வைத்து, அப்புறம் இரும்புச் சட்டியில் எடுத்துக் கட்டிலருகே வையுங்கள். எங்கள் வீட்டில் உடைந்த அம்மிதான். ஓடைக்கல் வேண்டாம், உள்ளே ஈரமிருந்தால் படாரென்று வெடிக்கும். தணலையே அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும்.

படுக்கை மட்டும் சூடானால் போதுமா? சரி, வெந்நீர்ப் பை வாங்குங்கள். ஒரே எடைக்கு, டிகிரிக்கு டிகிரி, தண்ணீர் கல்லைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு சூடு பிடிக்கும்.