மெல்லிய அலுமினியத் தகட்டில் யங் குணகம் ஏன் பாதியாக வருகிறது?

0.1 மி.மீ. தடிமன், 5 மி.மீ. அகலம், பிடிகளுக்கு நடுவே 20 மி.மீ. நீளம். இழுவைச் சோதனையில் யங் குணகம் (நீளாமல் எதிர்க்கும் விறைப்பின் அளவு; தகைவைத் திரிபால் வகுத்தால் வருவது) 70 கிகாபாஸ்கலுக்குப் பதில் 35 வருகிறது, உலோகம் மட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். உலோகத்தைச் சந்தேகிக்கும் முன் இயந்திரத்தைப் பாருங்கள்.

50 நியூட்டன் விசையில் தகைவு, அதாவது விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தது, 100 மெகாபாஸ்கல். அப்போது தகடு நீள வேண்டியது வெறும் 0.029 மி.மீ. பிடி அதே அளவு வழுக்கினாலோ, லோடு செல்லும் இயந்திரச் சட்டமும் சேர்ந்து அவ்வளவு நெகிழ்ந்தாலோ, குறுக்குச்சட்டத்தின் (பிடியை இழுத்து நகரும் இயந்திரப் பகுதி) நகர்வை வைத்துப் போடும் கணக்கு சரிபாதியாகிவிடும். திரிபை, அதாவது நீட்சியை மூல நீளத்தால் வகுத்ததை, தகட்டின் மேலேயே அளப்பதுதான் சரி. கவ்வும் வகை எக்ஸ்டென்சோமீட்டர் (நீட்சியை அளக்கும் கருவி) தன் எடையாலேயே இவ்வளவு மெல்லிய தகட்டை வளைத்துவிடும்; கேமரா வகை நல்லது. அது இல்லையா? நாலைந்து வெவ்வேறு நீளத் துண்டுகளை இழுத்து, ஒரு நியூட்டனுக்கான நீட்சியை நீளத்துக்கு எதிராக வரையுங்கள். நீளம் பூச்சியமாகும் இடத்தில் கோடு காட்டும் மதிப்பு இயந்திரத்தின் பங்கு; அதைக் கழித்துவிடலாம். வழுக்கலுக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது, அது ஒவ்வொரு முறையும் மாறும்.

அப்புறம் தடிமன். மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. பிசகினாலே தகைவில் 10 சதவீதம் போச்சு. வெட்டிய ஓரத்துப் பிசிறே அந்தப் பிசகைத் தரும். 10 செ.மீ. சதுரமாக வெட்டி எடை போடுங்கள்: 2.7 கிராம் இருந்தால் சராசரித் தடிமன் 0.1 மி.மீ.