தொலைவிலிருந்து வானியல் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் தளத்தில் வெளிவரும் அறிவியல் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு நாற்பத்தாறு வயது. கல்லூரியில் வரலாறு படித்தேன், மொழிபெயர்ப்புதான் தொழில். கணிதத்தைப் பள்ளியோடு விட்டுவிட்டவன். சிறுவயது முதல் இருந்த ஆசையினால், அறிவியல் துறை சாராத மாணவர்களுக்கான ஒரு கல்லூரியின் அறிமுக வானியல் பாடத்தில் இணையவழியில் சேர்ந்திருக்கிறேன். பதினான்கு வாரப் பாடம். இப்போது ஆறாவது வாரம்.

விரிவுரைக் காணொளிகளைப் பார்க்கும்போது எல்லாம் தெளிவாகப் புரிகிறது. ஆனால் நான்காம் வாரப் பயிற்சியில் நின்றுவிட்டேன். வியாழனும் அதன் நான்கு நிலவுகளும் தெரியும் நாற்பது படங்கள், 12 மணி நேர இடைவெளியில் எடுக்கப்பட்டவை. அவற்றை அளந்து, நிலவுகளின் சுற்றுக்காலத்தைக் கண்டுபிடித்து, கெப்ளரின் மூன்றாம் விதியைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு மாலைகள் உட்கார்ந்தும் எந்தப் புள்ளி எந்த நிலவு என்றே பிடிபடவில்லை. அதைத் தள்ளிப்போட்டதில் அடுத்த இரு வாரப் பாடங்களும் சேர்ந்துவிட்டன.

காணொளியில் புரிந்ததாக நான் நினைத்தது பொய்யா? தொலைநோக்கியும் ஆய்வகமும் பக்கத்தில் ஓர் ஆசிரியரும் இல்லாமல், திரையைப் பார்த்து வானியல் கற்பதில் பொருள் உண்டா? ஒரு தொலைநோக்கி வாங்கினால் சரியாகிவிடுமா, அல்லது விலகிவிடுவதுதான் நேர்மையா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

விலக வேண்டாம். நீங்கள் நின்றுவிட்ட அந்தப் பயிற்சி, அறிமுக வானியல் பாடத்தில் ஒரு மாணவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பயிற்சிகளில் ஒன்று. அதைப் பற்றி விரிவாகவே எழுத விரும்புகிறேன். அதற்கு முன் உங்கள் முதல் கேள்வி.

காணொளியில் புரிந்தது பொய் அல்ல, ஆனால் அது பாதிதான். விரிவுரையில் கேள்வியை எழுப்புபவரும் ஆசிரியர், விடையை நோக்கி நடப்பவரும் ஆசிரியர். நாம் அவர் பின்னால் செல்கிறோம், வழி சீராக இருப்பதால் நாமே நடந்து வந்ததாக எண்ணிக்கொள்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒரு பாடத்தை இணையவழியில் படித்தேன். நிறமாலை பற்றிய விரிவுரைகள் அனைத்தையும் ஒரே நாளில் மகிழ்ச்சியுடன் பார்த்து முடித்துவிட்டு, வெற்றுத்தாளை எடுத்து, சூரியனின் நிறமாலையில் கருங்கோடுகள் ஏன் தோன்றுகின்றன என்று எழுத முயன்றபோது இரண்டாவது வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. அன்று முதல் ஒவ்வொரு காணொளி முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு ஒரு படம் வரைவதை வழக்கமாக்கிக்கொண்டேன். நீங்களும் செய்து பாருங்கள். சூரியன், பூமி, நிலவு மூன்றையும் தாளில் வரைந்து, வளர்பிறையின் அரைநிலவு எந்த நேரத்தில் உதிக்கும் என்று உங்களையே கேளுங்கள். நண்பகலில் உதித்து, மாலையில் உச்சியை அடைந்து, நள்ளிரவில் மறையும் என்று படத்திலிருந்தே சொல்ல முடிந்தால், பிறைகள் பற்றிய பாடம் உங்களுடையதாகிவிட்டது. பிறைகளுக்குக் காரணம் பூமியின் நிழல் என்று நன்கு படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருப்பது, இந்தப் படத்தை ஒருமுறையேனும் தம் கையால் வரையாததனால்தான் என்பது என் எண்ணம்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. திரையில் கற்கும் வேதியியல் மாணவர் கரைசலைக் கையால் தொட முடியாமல் போவது உண்மையான இழப்பு. வானியலில் அந்த இழப்பு அவ்வளவு பெரிதல்ல, ஏனெனில் வானியலாளர் எவரும் தாம் ஆராயும் விண்மீனைத் தொட்டதில்லை. வந்து சேரும் ஒளியை அளப்பதே அவர்கள் தொழில். அந்த ஒளியை நேரில் தம் கண்ணால் பார்க்காமல், வேறொருவர் பதிவு செய்து அனுப்பியதை மேசையில் வைத்து அளந்தவர்களும் ஏராளம்.

ஹென்றியேட்டா லெவிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஹார்வர்டு வானாய்வகத்தில் பணிபுரிந்த அவருக்குக் கிடைத்தவை, பெரு நாட்டின் அரெக்கிப்பாவிலிருந்து அனுப்பப்பட்ட கண்ணாடி ஒளிப்படத் தகடுகள். அவர் ஆராய்ந்த சிறிய மெகல்லன் மேகம் என்ற விண்மீன் மண்டலம் தென்வானில் மிகத் தாழ்வாக இருப்பதால், அவர் வேலை செய்த ஊரின் வானில் அது ஒருநாளும் எழுவதே இல்லை. எழாத ஒரு வானத்தை, உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையுடன், தகட்டிலுள்ள கரும்புள்ளிகளின் அளவை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அவர் படித்தார். இரண்டு மெகல்லன் மேகங்களிலும் தாம் கண்ட, ஒளி கூடிக் குறையும் 1777 மாறுவிண்மீன்களின் பட்டியலை 1908-இல் வெளியிட்டார். பின்னர் அவற்றுள் சிறிய மேகத்தில் உள்ள, செஃபீடு என்ற வகையைச் சேர்ந்த 25 விண்மீன்களை எடுத்துக்கொண்டு, எது அதிக ஒளியுடையதோ அது மெதுவாகத் துடிக்கிறது என்ற ஒழுங்கை 1912-இல் காட்டினார். அந்த மேகத்தின் விண்மீன்கள் அனைத்தும் நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பதால், தோற்றத்தில் உள்ள ஒளி வேறுபாடு உண்மையான ஒளி வேறுபாடே என்று அவர் கண்டுகொண்டது, என் பார்வையில், இந்த அறிவியலின் மிக அழகான நகர்வுகளில் ஒன்று. துடிக்கும் காலத்தை அளந்தால் உண்மை ஒளிர்வு தெரியும். அதைத் தோற்ற ஒளிர்வோடு ஒப்பிட்டால் தொலைவு தெரியும். 1923-இல் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமீடாவில் இதே வகை விண்மீன் ஒன்றைக் கண்டு, அது நம் பால்வீதிக்குள் இருக்கும் வாயுமேகம் அன்று, வெளியே உள்ள தனி விண்மீன் மண்டலம் என்று நிறுவியது இந்த அளவுகோலைக் கொண்டுதான். அவர் கணக்கிட்ட தொலைவு ஏறத்தாழ 9 லட்சம் ஒளியாண்டுகள். இன்று நாம் அறிந்திருப்பது 25 லட்சம். அந்த வகையிலேயே ஒளிர்வு வேறுபட்ட இரு பிரிவுகள் உண்டு என்பது பிற்பாடுதான் தெரியவந்தது; அவர் கணக்கு குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அளவு பிழைத்தாலும் முடிவு நின்றது.

அந்த வகை விண்மீன்களுக்குப் பெயர் தந்த டெல்டா செஃபை ஒளி மாறுவதை 1784-இல் கண்டவர், செவித்திறன் அற்ற இளைஞரான ஜான் குட்ரிக். வெறுங்கண்ணுக்குத் தெரியும் அந்த விண்மீனை அருகிலுள்ள விண்மீன்களோடு இரவுதோறும் ஒப்பிட்டே, அது ஐந்து நாட்களுக்குச் சற்று அதிகமான காலத்தில் மங்கி மீள்வதை அவர் அறிந்தார். இருபத்தொரு வயதில் இறந்துபோனார். லெவிட்டும் செவித்திறன் குறைந்தவர். அவர்களை வானியலாளர் ஆக்கியது, கையில் கிடைத்ததைப் பொறுமையாக ஒப்பிட்டு, அளந்து, எழுதி வைத்த பழக்கம். உங்கள் பாடம் அனுப்பிய நாற்பது படங்களும் லெவிட்டின் மேசைக்கு வந்த தகடுகளும் எனக்கு ஒரே இனமாகவே தெரிகின்றன. ஆகவே நீங்கள் இல்லை என்று வருந்தும் ஆய்வகம் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. அதன் வாசலில்தான் நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

இனி வியாழன். எந்தப் புள்ளி எது என்று பிடிபடாதது உங்கள் குறையே அல்ல. 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ தம் தொலைநோக்கியில் பார்த்தபோது வியாழனருகே மூன்று புள்ளிகளைத்தான் கண்டார். நான்காவது, ஜனவரி 13 அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. நிலவுகளின் பாதைகளை நாம் ஏறத்தாழ பக்கவாட்டிலிருந்து பார்ப்பதால், அவை வட்டமிடுவதாகத் தெரியாமல் ஒரே கோட்டில் இப்படியும் அப்படியும் ஊசலாடுவதாகவே தெரியும். சில படங்களில் ஒரு நிலவு வியாழனுக்குப் பின்னால் மறைந்திருக்கும், சிலவற்றில் இரண்டு ஒன்றையொன்று ஒட்டியிருக்கும்.

நீங்கள் படத்துக்குப் படம் நான்கு நிலவுகளையும் ஒருசேரப் பின்தொடர முயன்றிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படிச் செய்தால் யாருக்கும் குழப்பமே மிஞ்சும். கட்டமிட்ட தாள் ஒன்றை எடுத்து, மேலிருந்து கீழாக நாற்பது வரிகள் போட்டு, நடுவில் வியாழனுக்கு ஒரு கோடு வரையுங்கள். ஒவ்வொரு படத்திலும் புள்ளிகள் வியாழனின் மையத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளன என்பதை, வியாழனின் விட்டத்தையே அலகாகக் கொண்டு அளந்து, பெயரிடாமல் அந்த வரியில் குறியுங்கள். நாற்பதும் முடிந்தபின் தாளைத் தள்ளிவைத்துப் பாருங்கள். மிக வெளியே, 13 விட்டங்கள் வரை சென்று, மிக மெதுவாக வளையும் ஓர் அலை முதலில் கண்ணில் படும். அது கலிஸ்டோ, சுற்றுக்காலம் ஏறத்தாழ 16.7 நாட்கள். அதன் புள்ளிகளை ஒரு நிறத்தால் இணைத்துவிட்டு மறந்துவிடுங்கள். மிச்சத்தில் ஏழரை விட்டங்கள் வரை போகும் கானிமீடு புலப்படும். அதையும் நீக்கியபின் எஞ்சுபவை ஐரோப்பாவும் அயோவும். அதிவேகமான அயோவைக் கடைசிக்கு விடுவதுதான் இதிலுள்ள சூட்சுமம்; மற்றவை விலகியபின் அது தானாகவே அகப்படும்.

கணக்கு அதன்பின் சிறியது. அயோவின் தொலைவு 2.95 விட்டங்கள், ஐரோப்பாவின் தொலைவு 4.69 என்று வந்தால், விகிதம் 1.59, அதை மும்முறை பெருக்கினால் 4.02. சுற்றுக்காலங்கள் 1.77 நாளும் 3.55 நாளும், விகிதம் 2.006, அதன் இருமடி 4.02. தொலைவின் மும்மடியும் காலத்தின் இருமடியும் ஒத்துப்போகின்றன; கெப்ளரின் மூன்றாம் விதி சொல்வது இதைத்தான். நீங்கள் அளப்பதில் முதலாவது 3.8 என்றும் மற்றது 4.2 என்றும் வரலாம். அந்த வேறுபாட்டை அழித்து எழுதாமல் அப்படியே எழுதி, பிழை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒரு பத்தி சேருங்கள். நல்ல ஆசிரியர் முதலில் படிப்பது அந்தப் பத்தியைத்தான்.

பயிற்சியில் கேட்டிராவிட்டாலும், அந்தத் தாளை மூடும் முன் இன்னொன்றையும் செய்யுங்கள். நம் நிலவு பூமியிலிருந்து 3,84,400 கிலோமீட்டர் தொலைவில், 27.3 நாட்களில் ஒருமுறை சுற்றுகிறது. அயோ வியாழனிலிருந்து 4,22,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நம் நிலவை விட ஒரு பத்தில் ஒரு பங்குதான் கூடுதல் தொலைவு. ஆயினும் 1.77 நாட்களிலேயே சுற்றிவிடுகிறது. அவ்வளவு விரைவாக அதைச் சுழற்ற, வியாழனின் இழுப்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? தொலைவின் மும்மடியைக் காலத்தின் இருமடியால் வகுத்தால் வருவது, நடுவில் இருக்கும் கோளின் நிறைக்கு ஏற்ற அளவு. தொலைவு விகிதமான 1.1-இன் மும்மடி 1.33, கால விகிதமான 15.4-இன் இருமடி 237. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 315. அதாவது வியாழனின் நிறை பூமியைப் போல் 315 மடங்கு. பாடநூல்களில் 318 என்று இருக்கும். ஒரு கோளை நிறுத்துப் பார்க்க உங்களுக்குத் தேவைப்பட்டது புள்ளிகள் குறித்த ஒரு தாளும் பெருக்கல் கணக்கும். நான் முதன்முதலில் இதைப் போட்டு முடித்த இரவில் நெடுநேரம் தூங்கவில்லை.

இந்தப் பாடம் கேட்கும் கணிதம் பெரும்பாலும் இவ்வளவுதான்: விகிதமும் பத்தின் அடுக்குகளும். தொலைவு மும்மடங்கானால் ஒளி ஒன்பதில் ஒரு பங்காகும் என்பதைப் புரிந்துகொண்டவருக்கு, சூரியனிலிருந்து பூமியை விட 30 மடங்கு தொலைவில் இருக்கும் நெப்டியூனில் வெயில் 900-இல் ஒரு பங்கே என்பதைச் சொல்லச் சூத்திரம் தேவையில்லை. பின்னால் வரப்போகும், விண்மீனின் பிரகாசத்தை எண்ணால் குறிக்கும் ஒளித்தரம் மட்டும் சற்றுத் தொல்லை தரும். எண் கூடக் கூட விண்மீன் மங்கலானது என்ற தலைகீழ் முறை பழங்கால வழக்கின் எச்சம். 5 எண்கள் வேறுபட்டால் ஒளி 100 மடங்கு வேறுபடும் என்பதை நினைவில் கொண்டால் போதும்.

பக்கத்தில் ஆசிரியர் இல்லாதது உண்மையான குறைதான். அதை நான் சிறிதாக்க மாட்டேன். நீங்கள் தவறாக வரைவதை அந்தக் கணத்திலேயே பார்த்துத் திருத்த யாரும் இல்லை. ஆகவே கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள். ‘எனக்குப் புரியவில்லை’ என்று எழுதினால் விரிவுரையின் இணைப்பு மறுபடியும் வரும். ‘பதினேழாவது படத்தில் இடப்பக்கம் உள்ள இரு புள்ளிகளில் எதை ஐரோப்பா என்று கொள்வது’ என்று உங்கள் தாளின் படத்தோடு எழுதினால், அதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது எந்த ஆசிரியருக்கும் கடினம்.

தொலைநோக்கி இப்போது வேண்டாம். முதலில் ஒரு குறிப்பேடு. முப்பது நாட்கள், நிலவு தெரியும் போதெல்லாம், ஒரே இடத்தில் நின்று, நேரம், திசை, வடிவம், அருகில் உள்ள பிரகாசமான விண்மீன் ஆகியவற்றை எழுதுங்கள். கையை முழுமையாக நீட்டி மடக்கிய முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை (டிகிரி). விண்மீன்களுக்கிடையே நிலவு ஒரு நாளில் அந்த முட்டியை விடச் சற்று அதிகமாக, 13 பாகை, கிழக்கே நகர்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அது ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிப்பதற்கு இதுதான் காரணம் என்பது அப்போது பாடமாக இராது. அந்த மாதத்துக்குப் பிறகும் ஆர்வம் குறையாவிட்டால் ஒரு பைனாகுலர் போதும். அதை அசையாமல் ஏதாவது ஒன்றின்மேல் ஊன்றிப் பிடித்தால், நீங்கள் தாளில் குறித்த அதே புள்ளிகளை வியாழனின் இருபுறமும் காணலாம்.

சேர்ந்துபோன இரு வாரங்களைப் பற்றி: அவற்றின் காணொளிகளை இப்போது திறக்க வேண்டாம். முதலில் வியாழனின் தாளை முடியுங்கள், ஓர் இரண்டு மாலைகள் ஆகும். தாமதத்துக்கு மதிப்பெண் குறைந்தால் குறையட்டும். முடித்தபின் அடுத்த வாரங்களில் வரும் விண்மீன்களின் நிறையைப் பற்றிய பாடத்தைத் திறந்தால், இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றும் காலத்தைக் கொண்டு அவற்றை நிறுப்பது எப்படி என்று ஆசிரியர் தொடங்குவார். அந்தக் கணக்கை நீங்கள் அயோவைக் கொண்டு ஏற்கெனவே போட்டிருப்பீர்கள்.

அன்புடன்.