அஜா காங் கேள்வி பதில்: தோற்றும் பெரியவரான ஒரு வில்லி

ஜப்பான் பெண்கள் மல்யுத்தம் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அஜா காங்கைப் பற்றியே இருந்தன. அதனால் இந்த முறை அவரைப் பற்றி மட்டும் பேசுவோம்.

அண்ணா, நான் இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். அஜா காங் யார், சுருக்கமாகச் சொல்லுங்களேன்?

1970இல் டோக்கியோ அருகே தச்சிகாவாவில் பிறந்தவர். இயற்பெயர் எரிகா ஷிஷிதோ. அம்மா ஜப்பானியர், அப்பா கறுப்பின அமெரிக்கர். 1986இல், பதினாறு வயதை ஒட்டி, ஆல் ஜப்பான் விமன்ஸ் நிறுவனத்தில் முதல் போட்டி ஆடினார். முகத்தில் வண்ணம், கையில் தகர டப்பா, நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு. தொண்ணூறுகளின் முதல் பாதியில் அந்த நிறுவனத்தின் உச்சப் பட்டத்தைக் கையில் வைத்திருந்தவர் இவர்தான்.

சார், உடம்பு பெரிது, அடி பலம். அதைத் தவிர அவரிடம் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லணும். அவருடைய பெயர் பெற்ற அடி ‘ஊராகென்’. உடம்பைச் சுழற்றி, மூடிய கையின் பின்புறத்தால் எதிராளியின் முகத்தில் விடும் அடி. அடியை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு முந்தைய சில நொடிகளைப் பாருங்கள். முதல் தடவை வீசுவார், எதிராளி குனிந்து தப்பிப்பார், அரங்கம் மூச்சுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கையை மடக்குவார். இப்போது கூட்டத்துக்கே தெரியும், இந்த முறை தப்பாது என்று. ஒரே அடியை வைத்து அரை மணி நேரம் பதற்றத்தை ஏற்றிக்கொண்டே போவார். எவ்வளவு பலம் இருந்தாலும் நிதானம் இல்லாதவருக்கு இது கைவராது.

இன்னொன்று, எதிராளியின் தாக்குதலை அவர் வாங்கும் விதம். சிறிய உடம்புக்காரர் ஒருவர் உதைத்தால் முதலில் அசையவே மாட்டார். இரண்டாவது உதைக்கு ஒரு அடி பின்வாங்குவார். நாலாவது, ஐந்தாவதில்தான் முழங்கால் மடங்கும். அந்த ஒரு மடங்கலுக்கு வரும் கைதட்டல் முழுக்க எதிராளிக்குப் போய்ச் சேரும்.

எல்லாம் முன்பே முடிவு செய்த ஆட்டம்தானே? அப்புறம் யார் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன?

முடிவு முன்பே பேசப்பட்டதுதான். அதனால்தான் தோல்வியை எப்படி ஆடுகிறார் என்பது முக்கியமாகிறது. 1994 நவம்பர் 20, டோக்கியோ டோம். பத்து மணி நேரத்துக்கு மேல் நீண்ட பெண்கள் மல்யுத்தப் பெருவிழா. அந்த இரவு அஜா அரையிறுதியில் மனாமி டொயோட்டாவை வீழ்த்திவிட்டு, இறுதியில் அகிரா ஹொகுட்டோவிடம் தோற்றார். அடுத்த மார்ச்சில் அதே டொயோட்டாவிடம் பட்டத்தை இழந்தார். இரண்டாண்டுக்கு மேல் பட்டத்தை யாருக்கும் விடாமல் வைத்திருந்தவர் என்பதால்தான் டொயோட்டாவின் வெற்றிக்கு அந்த எடை வந்தது. ஜூனில் பட்டத்தை மறுபடி பிடித்தார், ஆகஸ்டில் டைனமைட் கன்சாயிடம் கொடுத்தார். அவர் தோற்ற போட்டிகளை வைத்தே அவரை அளக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

புல் நகானோ இல்லாமல் அஜா காங் இருந்திருப்பாரா, அண்ணா?

இருந்திருக்க மாட்டார். நகானோவும் அஜாவும் டம்ப் மட்சுமோட்டோ என்ற மல்யுத்த வீராங்கனையின் வில்லிக் கூட்டத்தில் வளர்ந்தவர்கள். டம்ப் ஓய்வு பெற்றபின் எதிரெதிர் அணியானார்கள். 1990 நவம்பரில் யோகோஹாமாவில் ரிங்கைச் சுற்றிக் கம்பிக் கூண்டு போட்டு, அதற்குள் மோதினார்கள். கூண்டின் உச்சியில் ஏறி நின்று, கீழே கிடந்த அஜாவின் மேல் நகானோ காலை நீட்டிப் பாய்ந்த காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் வயிறு கலங்கும். எல்லோரும் பாய்ந்தவரைப் புகழ்கிறார்கள். அந்த எடையைக் கீழே படுத்து வாங்கியவர் இருபது வயதுப் பெண் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1991 ஜனவரியில் ஜோடிப் போட்டியில் நகானோவின் ஜோடியிடம் தோற்று, அஜாவும் அவருடைய கூட்டாளி பைசன் கிமுராவும் தலையை மழித்துக்கொள்ள நேர்ந்தது. கடைசியில் 1992 நவம்பரில்தான் நகானோவிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாகக் கட்டிய பகை அது. இன்றைக்கு எந்த நிறுவனத்துக்கு அந்தப் பொறுமை இருக்கிறது?

அமெரிக்காவில் ஏன் பெரிய அளவில் வரவில்லை?

வாசல் வரைக்கும் போனார். அமெரிக்காவின் WWF நிறுவனம் நடத்திய 1995 சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில் அவருடைய அணியில் கடைசிவரை நின்றவர் அவர்தான். அடுத்து வந்த ஒளிபரப்பில் அவருடைய ஊராகென் பட்டு, எதிராளி சபாரிட்டா அசாரியின் மூக்கு உடைந்தது. WWF பெண்கள் சாம்பியன் அலண்ட்ரா பிளேஸுடன் மோத வைக்கும் திட்டமும் இருந்தது. ஆனால் டிசம்பரில் பிளேஸ் எதிரி நிறுவனமான WCWக்குப் போய், அங்கே நேரலையில் பட்டப் பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். WWFஇல் பெண்கள் பிரிவே கைவிடப்பட்டது. இதில் அஜாவின் குறை எதுவும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

குறையே இல்லையா அவரிடம்?

இருக்கிறது. ஆல் ஜப்பானை விட்டு வெளியேறி, ஆர்சியன் என்ற நிறுவனத்தைத் தொடங்குவதில் முன்னின்றார்; 1998இல் அதன் முதல் நிகழ்ச்சி நடந்தது. நல்ல நோக்கம்தான். பிடிகளையும் பூட்டுகளையும் நம்பிய ஆட்டம், மரிகோ யோஷிடா போன்றவருக்கு முன்வரிசை. ஆனால் நிர்வாகத்தில் அவரால் நிலைக்க முடியவில்லை, 2001இல் விலகிவிட்டார். அப்புறம் சமீப வருடங்களில் வேகம் குறைந்துவிட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை.

டொயோட்டா, நகானோ, அஜா: வரிசைப்படுத்துங்கள் பார்ப்போம்.

தனி ஆட்டத் திறமையில் டொயோட்டா. தோற்றத்தாலேயே அரங்கை நடுங்கவைப்பதில் நகானோ. ஆனால் அடுத்தவரைப் பெரியவராக்கிக் காட்டியதில் அஜாவுக்கு முன்னால் யாரையும் வைக்க மாட்டேன். 2001 டிசம்பரில் கையா நிறுவனத்தின் உச்சப் பட்டத்தை அஜாவை வென்றுதான் மெய்கோ சடோமுரா பெற்றார். 2025 ஏப்ரலில் சடோமுரா கொராகுவென் ஹாலில் ஓய்வுப் போட்டி ஆடியபோது எதிர் மூலையில் நின்ற இருவரில் ஒருவர் அஜா. இத்தனை வருடம் கழித்தும் அந்த இடத்துக்கு அவரையே அழைத்தார்கள்.

பழைய வழக்கப்படி ஆல் ஜப்பானில் இருபத்தைந்து வயதை ஒட்டி ஓய்வு பெற்றுவிட வேண்டும். ஐம்பதைத் தாண்டியும் ரிங்கில் நிற்கும் ஒருவர் வரிசையின் கடைசியில் இருக்க முடியாது.

நிறத்தைப் பற்றி அவர் பேசியிருக்கிறாரா, அக்கா கேட்கச் சொன்னாள்.

பேசியிருக்கிறார். சிறுவயதில் தோற்றத்தைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்டதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். எண்பதுகளின் நட்சத்திர வீராங்கனை சிகுசா நகாயோவைப் பார்த்துத்தான் மல்யுத்தத்துக்கு வந்தார். எந்த உருவத்துக்காகக் கேலி செய்தார்களோ, அதே உருவத்தைப் பார்க்கப் பிறகு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். உங்கள் அக்காவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

முதலில் எந்தப் போட்டியைப் பார்க்கட்டும்?

1995 ஜூன் 27, டொயோட்டாவுடன் ஆடியது. இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை டொயோட்டாவின் பாய்ச்சல்களுக்காக. இரண்டாவது தடவை அவர் ஒவ்வொரு முறை பாயும்போதும் அஜா எங்கே நிற்கிறார், எப்படி விழுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். அதன் பிறகு 1990 கூண்டுப் போட்டிக்குப் போகலாம்.