கேள்வி – பதில்: மேடையில் யார் உட்கார வேண்டும்?

கேள்வி: காட்பாடியில் உள்ள ஒரு கட்டுமான நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் பணிபுரிகிறேன். கொத்தனார், கம்பி கட்டுபவர், கான்கிரீட்டுக்குப் பலகையும் முட்டும் அமைக்கும் சென்ட்ரிங் ஆட்கள், பெரியாள், சித்தாள் என ஏறத்தாழ நூறு பேர் எங்கள் சைட்டுகளில் வேலை செய்கிறார்கள். பெரும்பாலோர் மேஸ்திரிகள் வழியாக வருபவர்கள். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் பிடித்து, இன்னிசைக் கச்சேரி, சிறப்பு விருந்தினர், விருந்து என்று தொழிலாளர் பாராட்டு விழா நடத்தினோம். பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் சாப்பிட்டவுடன் கிளம்பிவிட்டார்கள். இந்த ஆண்டு எல்லோரையும் ஏலகிரிக்கு அழைத்துப் போகலாம் என்கிறார் முதலாளி. இதெல்லாம் வீண் செலவு என்கிறார் கணக்காளர். தங்கள் கருத்து என்ன?
— ஒரு வாசகர், காட்பாடி

பதில்: கணக்காளர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் சென்ற ஆண்டு விழா யாருக்காக நடந்தது என்பதை, அன்று எடுத்த புகைப்படங்களை எடுத்துப் பார்த்தால் நீங்களே தெரிந்துகொள்வீர்கள். மேடையில் முதலாளியும் அவருடைய நண்பர்களும் சிமெண்ட் விற்பனையாளரும் பொன்னாடையோடு உட்கார்ந்திருக்க, பாராட்டுக்கு உரியவர்கள் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் கைதட்டுவதற்காக உட்கார்ந்திருப்பார்கள். சாப்பிட்டவுடன் அவர்கள் கிளம்பியதில் வியப்பு ஒன்றும் இல்லை.

அடுத்தது கிழமை. தினக்கூலிக்காரருக்கு ஞாயிறு என்பது துணி துவைக்கவும், ரேஷன் கடைக்குப் போகவும், உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் தலைகாட்டவும் கிடைக்கும் ஒரே நாள். அணைக்கட்டிலிருந்தும் பள்ளிகொண்டாவிலிருந்தும் வாரம் முழுவதும் பஸ் பிடித்து வரும் ஒரு சித்தாளிடம், உங்களைப் பாராட்டுகிறோம், ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறி வாருங்கள் என்றால் அவர் மனத்தில் என்ன தோன்றும்? விழாவைச் சனிக்கிழமை பிற்பகலில் வையுங்கள். நண்பகலோடு வேலையை முடித்துவிட்டு, முழுநாள் கூலியைக் கொடுங்கள். சனிக்கிழமைதான் வாரக்கூலி நாள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கூலியை விழா தொடங்குவதற்கு முன்பே பட்டுவாடா செய்துவிடுங்கள். கூலிக்காகக் காத்திருப்பவரை இரண்டு மணி நேரம் சொற்பொழிவு கேட்க வைத்துவிட்டு, கூட்டம் நிறைந்திருந்தது என்று பெருமைப்பட்டுக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

ஏலகிரியைப் பற்றி: மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் எல்லோருடைய வயிற்றுக்கும் ஒத்துக்கொள்வதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். இருட்டிய பிறகு ஊர் திரும்பும் சுற்றுலாவுக்குப் பெண் தொழிலாளர்களில் எத்தனை பேர் வர முடியும்? மேஸ்திரிகளும் இளைஞர்களும் மட்டும் போய் வந்த பயணமாக அது முடியும். விருப்பமுள்ளவர்களுக்குத் தனியாக ஏற்பாடு செய்யுங்கள். விழாவுக்கு மாற்றாக அதை வைக்காதீர்கள்.

இனி மேடையில் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன், ஏனெனில் விழாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ‘வியர்வை சிந்தி உழைக்கும் தோழர்களே’ என்று தொடங்கும் பேச்சு எந்தத் தொழிலாளிக்கும் பொருந்தும். அதனாலேயே யாரையும் தொடாது. அதற்குப் பதிலாக உங்கள் சைட் இன்ஜினியரை ஒரு வாரம் முன்னதாகவே உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது தளத்துக்குக் கான்கிரீட் ஓடிக்கொண்டிருந்தபோது கீழே ஒரு முட்டு இறங்குவதைக் கவனித்துக் குரல் கொடுத்து, மேலே பம்பை நிறுத்த வைத்த சென்ட்ரிங் ஆள் ஒருவர் இருப்பார். குளியலறைத் தரையில் வாட்டம் சரியாக ஓடுகிறதா என்று யாரும் கேட்காமலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, பூசியதை உடைத்து மறுபடியும் பூசிய கொத்தனார் ஒருவர் இருப்பார். லிஃப்ட் இயந்திரம் பழுதான நாளில் தலையில் சும்மாடு வைத்துப் பாண்டு பாண்டாகக் கலவையை இரண்டு மாடி ஏற்றி, தளத்தை நடுவில் நிற்கவிடாமல் முடித்துக்கொடுத்த பெண்கள் இருப்பார்கள். இவற்றைப் பெயர் சொல்லி, அந்த நாளைச் சொல்லி, அவர்களுடைய பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள். இன்ஜினியருக்கு எழுத ஒரு வரியும் கிடைக்காத ஆட்கள் பலர் இருந்தால், அவர் சைட்டுக்கு அடிக்கடி போவதில்லை என்று பொருள். அதையும் இந்தச் சாக்கில் தெரிந்துகொள்ளலாம்.

பிள்ளைகள் என்றேன். மண்டபத்துக்குக் கொடுக்கும் வாடகையை மிச்சப்படுத்தி, நீங்கள் கட்டி முடித்து இன்னும் ஒப்படைக்காத ஒரு கட்டடத்திலேயே விழாவை வைத்தால் என்ன? குடியேற்றம் முடிந்து வாசலில் காவலாளி வந்துவிட்டால், அதைக் கட்டியவரே உள்ளே போக முடியாது. அதற்கு முன் ஒரு மாலை, குடும்பத்தோடு வந்து, இது நான் கட்டிய சுவர் என்று அவர் காட்டட்டும். கைப்பிடிச் சுவரும் படிக்கட்டின் கம்பியும் முழுமையாக முடிந்த தளங்களுக்கு மட்டும் குழந்தைகளை அனுமதியுங்கள். வேலை நடக்கும் பகுதியைக் கயிறு கட்டி மூடிவிடுங்கள்.

பரிசோ பணமோ எதுவானாலும் ஒவ்வொருவர் கையிலும் நேரடியாகக் கொடுங்கள். மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுத்தால், அவர் நல்லவராகவே இருந்தாலும், அது முன்பணக் கணக்கில் கழிந்துவிட வாய்ப்பு உண்டு.

நாள் குறித்தும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் மே தினத்தை முதன்முதலில் 1923ஆம் ஆண்டு சென்னையில் கொண்டாடியவர் சிங்காரவேலர் என்பதால், மே முதல் நாளுக்குத் தமிழ்நாட்டில் தனி மரியாதை உண்டு. ஆனால் அது தொழிலாளர் தம் உரிமைக்காகக் கூடும் நாள். அன்று முதலாளி மேடை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலூர் வெயிலும் அப்போது அனுமதிக்காது. ஆயுத பூஜையை ஒட்டிய சனிக்கிழமை பொருத்தமானது. கரண்டியும் மட்டக்கோலும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கப்படும் பருவம் அது. உங்களிடம் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்துத் தொழிலாளர்கள் இருந்தால், அவர்கள் தம் கருவிகளுக்குப் பூஜை செய்யும் விசுவகர்மா பூஜை செப்டம்பர் 17 வாக்கில் வருகிறது. அதையும் ஒரு மணி நேரமாவது நடத்த இடம் கொடுங்கள். தீபாவளியை ஒட்டி விழா வைத்தால், அவர்களில் பலர் காட்பாடி சந்திப்பில் ரயில் ஏறிப் போயிருப்பார்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை, நம் பக்கத்தில் ஆம்பூர் பிரியாணி இல்லாமல் விருந்து விருந்தாகாது என்றாலும், பூஜை நாளில் பலர் கவுச்சி தொடமாட்டார்கள். பூஜைக்கு ஒரு நாள், பிரியாணிக்கு ஒரு நாள் என்று பிரித்துவிடுங்கள்.

விழா அரங்கின் ஓரத்தில் ஒரு மேசை, ஒரு கணினி, விவரம் தெரிந்த ஓர் ஆள் ஆகியவற்றுக்கும் ஏற்பாடு செய்யுங்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் கல்வி, திருமணம், மகப்பேறு, விபத்து மரணம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் என உதவிகள் இருக்கின்றன. இதற்கான பணம், கட்டடச் செலவில் ஒரு சதவீதம் நல நிதியாக, உங்களைப் போன்றவர்கள் கட்டியதுதான். ஆனால் பதிவுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைய முடியாமல் அட்டை எடுக்காதவர்களும் புதுப்பிக்காதவர்களும் இருப்பார்கள். இன்னிசைக் கச்சேரிக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும்.

கேள்வி: நான் குடியாத்தம் பக்கம் பல ஆண்டுகளாகச் சித்தாள் வேலை செய்கிறேன். கிரகப்பிரவேசத்தன்று வீட்டுக்காரர்கள் மேஸ்திரிக்கும் கொத்தனாருக்கும் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கில் பணம் வைத்துக் கொடுக்கிறார்கள். எங்களுக்குச் சாப்பாடு மட்டும்தான். கேட்டால் தப்பாகுமா?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: தப்பே இல்லை, அம்மா. ஆனால் கேட்கும் நிலைக்கு உங்களைத் தள்ளியது வீட்டுக்காரரின் குறை. இதைப் படிக்கும் வீட்டுக்காரர்களுக்குச் சொல்கிறேன்: கலவை சேர்த்தவர், செங்கல் சுமந்தவர், பூசிய சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் பிடித்தவர் எல்லாம் பெரும்பாலும் பெண்களே. இப்படித் தண்ணீர் பிடிக்கும் க்யூரிங் சரியில்லையென்றால் நல்ல சிமெண்ட் போட்ட சுவரும் வெடிக்கும். தாம்பூலத் தட்டில் ஒரு புடவையோ, கொத்தனாருக்கு வைக்கும் அதே தொகையோ வைப்பதால் கிரகப்பிரவேசச் செலவு பெரிதாக ஏறிவிடாது. மேஸ்திரி தரும் பட்டியலை மட்டும் நம்பாமல், அடித்தளம் போட்ட நாளிலிருந்து வந்தவர்கள் யார் யார் என்று நீங்களே விசாரித்து அழையுங்கள்.

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக் கட்டுமானத்தில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். 100 நாள் விபத்தே நடக்காத குழுவுக்கு விழாவில் ரொக்கப் பரிசு தரத் திட்டமிட்டிருக்கிறோம். நல்ல யோசனைதானே?
— ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: நோக்கம் நல்லது, முறை ஆபத்தானது. தொண்ணூறாவது நாளில் ஒருவர் காலில் ஆணி ஏறினால், குழுவின் பரிசு தன்னால் போய்விடக் கூடாது என்று துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்வார். உடன் இருப்பவர்களும் வாயைத் திறக்கமாட்டார்கள். உங்கள் பதிவேட்டில் விபத்து இருக்காது, அவருக்குச் சீழ் பிடித்திருக்கும். பரிசை எதிர்த்திசையில் வையுங்கள். சாரத்தில் கயிறு தளர்ந்திருக்கிறது, ஒயர் தோல் உரிந்து தண்ணீரில் கிடக்கிறது என்று முன்கூட்டியே வந்து சொன்னவருக்கும், பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் ஏறமாட்டேன் என்று மறுத்தவருக்கும் கொடுங்கள். மறுத்தவருக்கு எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை பரிசு கொடுத்துப் பாருங்கள். மறுநாள் சைட்டில் அதன் பலன் தெரியும்.

கேள்வி: விழாவில் தரும் தொகையைத் தீபாவளி போனஸில் கழித்துக்கொள்ளலாமா? பரிசாக ஹெல்மெட்டும் நிறுவனப் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட்டும் தரலாம் என்று நினைக்கிறோம்.
— ஒரு ஒப்பந்ததாரர், ஆற்காடு

பதில்: இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஓராண்டில் 30 நாளாவது வேலை செய்த, சட்டத்தின் சம்பள வரம்புக்குள் வரும் தொழிலாளிக்குக் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் தர வேண்டும் என்பது சட்டம். பூஜை போனஸாகக் கொடுத்ததை அதில் கழித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் கழிக்கப்போகும் பணத்துக்குப் பாராட்டு என்று பெயர் வைத்து மேடையில் கொடுக்காதீர்கள். ஹெல்மெட், காலணி, கையுறை ஆகியவை நீங்கள் தந்தே தீர வேண்டிய பொருள்கள் என்பதால் பரிசுப் பட்டியலிலிருந்து அவற்றை எடுத்துவிடுங்கள். டி-ஷர்ட் உங்கள் நிறுவனத்துக்கு விளம்பரம். எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கி, பாத்திரக் கடையிலேயே ஒவ்வொருவர் பெயரையும் பொறித்துக் கொடுங்கள். வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர்கள் செல்லப் பெயர்களாகவும் பட்டப் பெயர்களாகவும் இருக்கும். ஆகவே பட்டியலைக் கடைக்கு அனுப்பும் முன் அவரவரிடம் ஒருமுறை கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.